கழுவிய கலன்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குக் குழாய்க்காரர் என்று பெயர். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய போரான் நைட்ரைடு குழாய்களை வளர்த்தவர். காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலனுக்குள் வாயுவை விட்டு, மின்சாரத்தால் அதைப் பிளாஸ்மாவாக ஒளிர வைப்பார். தகட்டில் தூவிய தங்கத் துகள்களிலிருந்து குழாய்கள் முளைக்கும். தங்கம் மட்டுமே போதும் என்று கட்டுரையும் எழுதினார்.

மாரடைப்பில் அவர் போய்விட்டார். வேறிடங்களில் யார் செய்தும் ஒரு குழாய்கூட முளைக்கவில்லை. மனுஷன் கதை விட்டிருக்கிறார் என்று காதுபடவே பேசினார்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார் என்ற தைரியம்தான்.

எங்கள் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அவருடைய மனைவி. "நானே வளர்த்துக் காட்டுறேன்" என்றார்.

முதல் வேலையாகக் கலனைக் கழுவினார். உள்சுவரில் பழுப்புக் கறை ஏறிக் கிடந்தது. 'குளிக்காத கலன்' என்று நாங்கள் கேலி செய்தால் குழாய்க்காரர் சிரித்து மழுப்புவார். அந்தக் கேலி அக்காவை உறுத்தியிருக்க வேண்டும். அமிலம் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்.

அதே வாயு, அதே சூடு, அதே தங்கம். தகடு மட்டும் மொட்டையாகவே வந்தது.

"என்கிட்டயுமா பொய் சொன்னாரு?" என்று ஒருநாள் கேட்டார்.

கடைசியில் கணவரின் பழைய தகடு ஒன்றை எடுத்து ஆராய்ந்தார். குழாய்களின் நுனியில் தங்கத்தோடு இரும்பும் இருந்தது. சுவர்க் கறையிலிருந்த இரும்பைப் பிளாஸ்மா பெயர்த்துத் தகட்டில் போட்டிருக்கிறது. பாவம், அவருக்கே அது தெரியாது. அக்கா தங்கத்தோடு இரும்பையும் தூவிப் பார்த்தார். காடாக முளைத்தது.

"பொய்யில்ல! பாத்தியா, பொய்யில்ல!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆய்வகத் தலைவரான பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "இரும்பைக் கண்டுபிடிச்சது நீங்கதாம்மா. உங்க பேர்ல எழுதுங்க. அவர் கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம்."

"அவரும் வளர்த்தாரு சார்."

"வளர்த்தார். தங்கம் மட்டும் போதும்னு எழுதினது தப்புதானே?"

நியாயமான பேச்சுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாபஸ் மட்டும் வேண்டாம் என்று அக்கா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். பேராசிரியர் அசையவில்லை.

பழைய கட்டுரை வாபஸாகி, புதுக் கட்டுரை வெளிவந்த அன்று எல்லோரும் அக்காவுக்குக் கைகொடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நான் கழுவாம விட்டிருந்தா, அவர் எழுதினபடியே முளைச்சிருக்கும்ல?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?