மடிப்புக் கலையாத பெட்டி

அலுவலகத்தில் அவருக்கு ‘ரெண்டு பேனா’ என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று காலை வாரினால் இன்னொன்று. வீட்டுச் சாவி இரண்டு, குடை இரண்டு, மூக்குக் கண்ணாடி இரண்டு. கப்பல் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவர். எது எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது என்பது அவருக்கு எலும்பு வரைக்கும் ஊறிப்போயிருந்தது.

ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்கு என்று மகள் கப்பலில் ஏழு நாள் உல்லாசப் பயணம் பதிவு செய்து கொடுத்துவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தான் போகப் போவதில்லை என்பது அவருக்கே இன்று மத்தியானம், கை கழுவும்போதுதான் தெரிந்தது. குழாயை மூட மறந்து அப்படியே நின்றுவிட்டார். அப்போதிருந்து அதை மனைவியிடம் சொல்ல வாய் திறக்கிறார், மூடுகிறார்.

அவள் படுக்கையறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய துணிக்கடை ஒன்றில் அளவு திருத்திக் கொடுக்கும் பிரிவில் இருபது வருடம் இருந்தவள். துணி அவள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

“வாசல்ல நின்னு என்ன எட்டிப் பாக்குறீங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி? வந்து இந்தக் கோட்டுத் தோளப் பிடிங்க.”

பிடித்தார். அவள் கோட்டின் ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மற்றத் தோளை அதற்குள் செருகினாள். மெல்லிய காகிதத்தைச் சுருட்டித் தோளுக்குள் வைத்தாள்.

“இப்ப உள்துணிதான் வெளிய இருக்கு. கசங்குனா அது கசங்கிட்டுப் போகட்டும், யாரு பாக்கப் போறா? மூணாம் நாள் கேப்டன் விருந்து. கோட்டு இல்லாதவங்கள உள்ளயே விடமாட்டாங்களாம். கசங்கின கோட்டோட போய் நின்னீங்கன்னா, பாத்திரம் கழுவ வந்தவர்னு நினைச்சு அந்தப் பக்கம் கையக் காட்டிருவாங்க.”

அவர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

பிறகு அவள் அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்தாள். சலவைக் கடையில் துணிக்கு மேல் போட்டுத் தரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள். ஒன்றை உதறி, கோட்டின் மேல் விரித்தாள். சரசரவென்று சத்தம் எழுந்தது. அதன் மேல் தன் பட்டுச்சேலையை வைத்தாள்.

“துணிக்கும் துணிக்கும் நடுவுல இது இருந்தா வழுக்கிக்கிட்டே இருக்கும். ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுக்காது. பெட்டிய எப்படிப் போட்டுப் புரட்டினாலும் சுருக்கம் விழாது.”

அந்தச் சத்தத்தை அவர் இதற்கு முன் ஒரு முறை கேட்டிருக்கிறார்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். சின்னப் பயணிகள் கப்பல் ஒன்று மூழ்கிப் பதினோராம் நாள் கரை ஒதுங்கிய பழுப்பு நிறப் பெட்டி, அவர் மேஜை மேல் இருந்தது. மேலே உப்புப் பூத்திருந்தது. அதிகாரி திறக்க, இவர் பட்டியல் எழுத வேண்டும். சேறும் நாற்றமுமாக இருக்கும் என்று மூக்கைப் பொத்தத் தயாராக இருந்தார். ஆனால் மூடியைச் சுற்றி ரப்பர் விளிம்பு இறுக்கமாக இருந்ததால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. சோப்பு வாசம் வந்தது. சரசரக்கும் உறைகளுக்கு நடுவே நீல நிறத்தில் ஓர் உடை, இப்போதுதான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தது போல, ஒரு சுருக்கம் இல்லாமல். ‘நீல நிற உடை ஒன்று, நல்ல நிலையில்’ என்று எழுத வேண்டியதுதான். பேனா நகரவில்லை. அடுத்த பேனாவை எடுத்தார். அதுவும் நகரவில்லை. நின்றுபோயிருந்தது கை. அந்த உடையை உடுத்தவேண்டியவள் கிடைக்கவேயில்லை.

“இது வேண்டாம்” என்றார்.

“எது?”

“இந்தப் பிளாஸ்டிக்கு. எடு.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்!”

அவரே பிடித்து இழுத்தார். உறையோடு சேர்ந்து மேலே இருந்த பட்டுச்சேலையும் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்து விரிந்தது.

“உங்களுக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு? ஒரு மணி நேரம் நின்னு இஸ்திரி போட்டிருக்கேன்!”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் சேலையை எடுத்துத் தூசி தட்டி, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

“நான் வரல” என்றார்.

அவள் கை நின்றது. “எத்தனை நாளா இத மனசுல வச்சிருக்கீங்க?”

சொன்னார். உப்புப் பூத்த பெட்டியை, நீல உடையை, நகராத பேனாக்களை. பன்னிரண்டு வருடமாக வீட்டுக்குள் கொண்டுவராத ஒன்றைக் கட்டில் மேல் கொட்டினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“இருபத்தொம்போது வருஷமா மூழ்கின கப்பல் மட்டும்தானே உங்க மேஜைக்கு வந்துச்சு? ஒழுங்கா போய்ச் சேந்த கப்பலுக்கு யாருங்க ஃபைல் போடுவா?”

அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன? பயம் நியாயம் கேட்டுக்கொண்டா வருகிறது?

அவள் சேலையை மடித்து முடித்துப் பெட்டியில் தன் பக்கம் வைத்தாள். பிறகு திரும்பி, “நான் போறேன்” என்றாள்.

“தனியாவா?”

“இருபது வருஷம் அடுத்தவங்க விருந்துக்குப் போற துணியப் பிடிச்சும் விட்டும் தச்சே போச்சு. ஒரே ஒரு தடவை நானும் உடுத்திட்டுப் போய் உக்காரணும். நீங்க வந்தா சந்தோஷம். வரலன்னா கோவமில்ல. சத்தியமா இல்ல.”

பெட்டியிலிருந்து அவர் கோட்டை எடுத்து, தோளைப் பழையபடி புரட்டி, அலமாரிக் கதவில் மாட்டினாள். காலரை ஒருமுறை நீவிவிட்டாள். தன் துணிகளின் மேல் உறையை விரித்துவிட்டு, டீ போடச் சமையலறைக்குப் போனாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். ஒரு பக்கம் அவள் துணிகள், ஏடு ஏடாக. மறுபக்கம் காலி.

அந்தப் பழுப்புப் பெட்டியிலும் மறுபக்கம் காலியாகத்தான் இருந்தது.

அதை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. கையெழுத்துப் போட அந்தப் பெண்ணின் கணவன் வந்திருந்தான். கப்பலில் போகாமல் வீட்டில் இருந்துகொண்டவன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பெட்டிக்குள் பார்த்தான். தொடவில்லை. “சார், இதக் கலைக்காம மூட முடியுமா? அவ மடிச்சது” என்று மட்டும் கேட்டான்.

கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் பெட்டியின் காலிப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருடமும் தண்ணீருக்குத்தான் பயம் என்று நினைத்திருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பதற்கு எவ்வளவு பயம் என்று இதுவரை அளந்து பார்த்ததில்லை.

எழுந்தார். கோட்டை இறக்கி, அவள் செய்தது போலத் தோளைப் புரட்டப் பார்த்தார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. எப்படியோ சுருட்டிக் காலிப் பக்கத்தில் வைத்தார். மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து, போன வாரம் வாங்கி ஒளித்து வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தார். ஆபத்தில் ஊதுகிற விசில், ஆரஞ்சு நிறத்தில் கயிறோடு. இரண்டு. ஒன்றைக் கோட்டுப் பையில் போட்டார். இன்னொன்றைப் பட்டுச்சேலைக்கு அடியில் செருகினார்.

டீயோடு வந்தவள் பெட்டியைப் பார்த்தாள். டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

“இது என்ன, கோட்டா, உருளைக்கிழங்கு மூட்டையா?”

அவள் கோட்டை வெளியே எடுத்தாள். எதை மடித்தாலும் முதலில் பையைத் தடவிப் பார்ப்பது அவள் வேலைப் பழக்கம். விசில் வந்தது. அவரைப் பார்த்தாள். பிறகு, ஏதோ தெரிந்தது போல, சேலைக்கு அடியில் கையை விட்டாள். இரண்டாவதும் வந்தது.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“இதப் பையில வச்சா தடம் விழும்” என்றாள். ஒன்றைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மற்றதை நீட்டினாள். “கழுத்துல மாட்டிக்கங்க.”

“விருந்துக்குமா?”

“விருந்துக்கும்தான். சட்டைக்குள்ள விட்டுக்கங்க. கேப்டன் என்ன, சட்டையக் கழட்டியா பாக்கப் போறாரு?”

மாட்டிக்கொண்டார். அவள் கோட்டை உதறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“தோளப் பிடிங்க. நடுங்காம பிடிங்க, கசங்கும்.”

“நடுங்குது.”

“சரி. நடுங்கிக்கிட்டே பிடிங்க.”