களத்து எண்ணிக்கை

இராசாத்தி மிதிப்பதை நிறுத்தியதும் அந்த வெள்ளைக்காரனின் அழுகை இழுபட்டு இழுபட்டு, சேற்றில் இறங்கிய எருமையின் முக்கலாகி நின்றுபோனது.

“ஏன்கா நிப்பாட்டினாய்?”

“கால் உளையுது அப்பா. கொஞ்சம் பொறுங்க.”

இளையதம்பி பொறுக்கிற ஆள் இல்லை. வேம்பைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு வந்து ரேப் ரெக்கோடரை முறைத்துப் பார்த்தார். சைக்கிள் பின் சில்லு நிலத்தில் படாமல் ஸ்ராண்டில் நின்றது. டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் புறப்பட்டு, உரலைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்த ரேப்புக்குள் போயிருந்தன. வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரைக்கு, பற்றறி கொண்டுவரத் தடை. துறையடி இராணுவச் சென்றியில் டோர்ச்சுக்குள் கிடப்பதையும் கழற்றி எடுத்துவிடுவார்கள். ஆகையால் பாட்டென்றாலும் செய்தியென்றாலும் யாராவது ஒருவர் எங்கேயும் போய்ச் சேராத சைக்கிளில் ஏறி மிதிக்கவேண்டும். மெல்ல மிதித்தால் பாடுகிறவன் கிழவனாகிவிடுவான். வேகமாய் மிதித்தால் கோழிக்குஞ்சு.

கசெற்றைக் கொண்டுவந்தது தேற்றாத்தீவிலிருக்கும் மனைவியின் தங்கை கண்ணகை. பிட்டு மாத் தகரப் பேணிக்குள் புதைத்து, பாதை என்கிற மிதவையில் ஏறி வாவி கடந்து வந்திருந்தாள். சென்றியில் பேணிக்குள் கம்பியை விட்டுக் கிண்டிப் பார்த்தார்களாம், கம்பியில் படவில்லையாம். அதனால்தான் ரேப்பின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வறுத்த மாவின் மணம் வந்தது. செத்தவனுக்கு மிகப் பிடித்த மணம். அவன் தாய் சீதேவிப்பிள்ளை அதை முகர்ந்துவிட்டு அப்படியே குந்திவிட்டாள்.

செத்தவன் பேரின்பராசா. ஒரே மகன். சுவிசுக்குப் போய் ஏழெட்டு வருசம். அங்கே பிளேனிலிருந்து துணியைக் கட்டிக்கொண்டு குதிக்கிற ஒரு கூட்டத்தில் சேர்ந்து பழகிக்கொண்டிருந்தானாம். ஒருநாள் குதித்தபோது துணி விரியவில்லையாம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். தேற்றாத்தீவுக்கு ரெலிபோனில் வந்து, கண்ணகையின் வாயால் வாவியைக் கடந்த செய்தி இவ்வளவுதான். இப்போது அந்தக் கூட்டத்தார் துக்கம் விசாரித்துக் கசெற்றில் பேசி அனுப்பியிருந்தார்கள்.

இளையதம்பி செய்தியைக் கேட்ட அன்று அழவில்லை. “பொய்” என்றார். சங்கக்கடைக்காரன் சொன்னாலும் பொய், கோயில் ஐயர் சொன்னாலும் பொய், எழுத்துத் தெரிந்தவன் எவன் சொன்னாலும் முதலில் பொய். அப்படித்தான் அவர் இத்தனை காலமும் உயிரோடு இருந்திருக்கிறார். பெருவிரல் வைக்கச் சொல்லி வந்தவர்கள் எத்தனை பேர், கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். இஞ்சே ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் போய் ஒளிகிற பிள்ளை அங்கே போய்க் காசு கட்டிப் பிளேனால் குதித்தானாம். சின்னப்பிள்ளைக்குச் சொன்னாலும் சிரிக்கும்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் எவரிடமும் பேசுவதில்லை. பேரின்பம் புறப்படுவதற்கு முந்திய போகத்தில், கதிர் முற்றிய வயல் வட்டைக்குள், அவரும் அவனும்தான் அந்த உடலை முதலில் கண்டார்கள். ஊரவன் இல்லை. யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சுற்றிவர ஒரு கதிரும் மிதிபட்டிருக்கவில்லை, வந்த தடம் போன தடம் இல்லை. நடுவயலில் ஆளின் அளவுக்கு மட்டும் வேளாண்மைப் பயிர் அமுங்கி, கைகால் விரித்தபடி அவன் குப்புறச் சேற்றில் பதிந்து கிடந்தான். மேலேயிருந்து வந்தவன், ஹெலியால் தள்ளிவிடப்பட்டவன் என்று ஊரில் கதைத்தார்கள். இளையதம்பி கதைக்கவில்லை. பேரின்பம் அன்று வரம்பில் நின்றபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தள்ளக்குள்ள இவன் என்ன நினைச்சிருப்பான் அப்பா?” என்று கேட்டான். அந்தப் போகம் அந்த இடத்தை அவர் அறுக்கவில்லை.

“மிதிக்கவா?” என்றாள் இராசாத்தி.

“மிதி.”

அழுதவன் மறுபடி அழுதான். அதற்கு முன்னால் ஒரு பெண் பேசியிருந்தாள், பேரின்பம் எல்லாருக்கும் பிட்டு அவித்துக் கொண்டுவருவான் என்று. ஒரு கிழவன் பேசியிருந்தான், அவன் எப்போதும் சிரித்தபடி இருப்பான் என்று. “சிரிச்சவனாம்! வீட்டில எப்ப சிரிச்சவன்?” என்று அதற்கு இளையதம்பி கேட்டிருந்தார். ஒவ்வொருவரும் பேசி முடிக்க, யோசேப் என்கிற பெடியன் தமிழில் சொல்வான். தான் மட்டக்களப்பு ரவுண் ஆள், பேரின்பத்தோடு ஒரே அறையில் இருந்தவன் என்று முதலிலேயே சொல்லியிருந்தான். அவன் குரலையும் இளையதம்பி நம்பவில்லை. ரவுண்காரன், பட்டணத்தான்.

“இவர் பீற்றர், ஐயா. பேரின்பத்துக்குக் குதிக்கப் படிப்பிச்ச வாத்தியார். துணியில பழுதில்லையாம். ரெண்டு தரம் பார்த்தவராம். காத்துத்தான் சுழட்டிப் போட்டுதாம். ‘பிளேன் வாசல்ல வச்சு நான்தான் கடைசியா அவண்ட தோளில தட்டினன், இப்ப அந்தக் கையை என்ன செய்யிற எண்டு தெரியல்ல’ எண்டு சொல்லி அழுறார்.”

“நிப்பாட்டுடி!”

சில்லு தானாகச் சுற்றி ஓய்ந்தது.

“கேட்டயா? தட்டினானாம். தட்டினதெண்டா தள்ளினதுதான். அவண்ட வாயாலயே வந்திட்டு.”

“ஒப்பாரி வைக்கிற மனிசன இப்பிடிச் சொல்லாதீங்க” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“தள்ளினவனும் அழுவான். பயத்தில அழுவான்.”

“முப்பத்தொண்டாம் நாள் வருகுது. புள்ளைக்குப் படைச்சு அமுது குடுக்கணும். என்னத்தச் செய்யிற?”

“எப்பிடிச் செத்தான் எண்டு தெரியாம அமுது குடுக்கிறயோ? கொன்று போட்டவனோட சேர்ந்து நானும் சரியெண்டு தலையாட்டினதாப் போகும். என்ட வீட்டில அமுதில்ல. போ.”

கசெற்றைக் கழற்றி கூரை முகட்டு வளையில் செருகிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சீதேவிப்பிள்ளை அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள், கோப்பையை மட்டும் சத்தமாய் வைப்பாள். ஒவ்வொரு நேரமும் இன்னொரு கோப்பையிலும் சோறு போட்டு மூலையில் மூடிவைத்தாள். கூப்பிட்டு அமுது கொடுக்காத பிள்ளை பசியோடு வாசலில் நிற்கும் என்பது அவளுக்குத் தெரிந்த விசயம். இளையதம்பி அதெல்லாம் நம்புகிறவரில்லை. ஆனால் வயலில் தனியே நிற்கும்போது, அறுக்காமல் விட்ட அந்த இடத்துக்குக் கண் போய்விடும். எத்தனையோ போகம் விதைத்து அறுத்தாகிவிட்டது, அடையாளமே இல்லை. இப்போது அங்கே குப்புறக் கிடப்பவனின் பிடரி பேரின்பத்தின் பிடரியாய்த் தெரிந்தது. முதுகில் யாருடையவோ கை பட்ட அடையாளம். அவர் அந்த வரம்பால் போவதை விட்டார்.

ஒரு மத்தியானம் வயலால் வந்தவர் வேலிக் கடப்படியிலேயே நின்றுவிட்டார்.

சீதேவிப்பிள்ளை சைக்கிளில் ஏறியிருந்தாள். பிறந்த நாளிலிருந்து சைக்கிளைத் தொட்டறியாதவள். சீலையை முழங்கால்வரை சொருகிக்கொண்டு, கான்டிலை ஆட்டுக்கொம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, ஒரு பெடல் கீழே போனால் மற்றதற்குக் கால் எட்டாமல் தவித்தாள். உரலின்மேல் ரேப் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு முனகல் வருவதும் நிற்பதுமாய் இருந்தது. இராசாத்தி பக்கத்தில் நின்று தாயின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“விழுந்து இடுப்ப முறிக்கப் போறாய். எறங்கு.”

அவள் இறங்கவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை.

“எறங்கு புள்ள. நான் மிதிக்கிறன்.”

இராசாத்தி கசெற்றின் மறுபக்கத்தைப் போட்டிருந்தாள். இளையதம்பி ஏறி மிதித்தார். முதலில் வந்தது பிளேன் சத்தம். உறுமல் எழும்ப எழும்ப அவருக்கே தோள் குறுகியது. வேலிக்கு அந்தப் பக்கம் இலட்சுமிப்பிள்ளை “பொம்பர்! பொம்பர்!” என்று கத்தியபடி கோழிக்குஞ்சுக் கூடையோடு பங்கருக்குள் இறங்குவது கேட்டது.

“அது ரேப்புக்குள்ள அக்கா!” என்று இராசாத்தி கத்தினாள்.

“நாசமாப் போவாங்க, அதையுமா ரேப்பில அடிச்சு விக்கிறாங்க?” என்று குழிக்குள்ளிருந்து பதில் வந்தது. மற்ற நாளென்றால் சிரித்திருப்பார்கள்.

உறுமலுக்கு மேலால் யோசேப்பின் குரல். “ஐயா, இது பேரின்பம் முதல் முதல் குதிச்ச நாள் பிளேனுக்க பிடிச்ச சத்தம். பீற்றர் வச்சிருந்தவர். அண்டைக்கு ஒண்டும் நடக்கல்ல. வடிவா எறங்கிட்டான். உங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டவர். இன்னொண்டும் சொல்லணும். ஏன்டா குதிக்கிறாய் எண்டு நான் அவனோட சண்டை பிடிச்சனான். ‘ஒருத்தரும் தள்ளாமத் தானாக் குதிச்சா எப்பிடி இருக்கும் எண்டு பாக்கணும்’ எண்டான். எனக்கு விளங்கல்ல. உங்களுக்கு விளங்குமோ தெரியா.”

இளையதம்பியின் கால் ஒரு கணம் தளர்ந்தது. யோசேப்பின் குரல் கிழவன் குரலானது. மறுபடி மிதித்தார். சீதேவிப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தாள். வட்டைக்குள் வரம்பில் நின்று மகன் கேட்டது அவளுக்குத் தெரியாது.

“வாசலால போகக்குள்ள சத்தம் போட்டு எண்ணணும், அதுதான் சட்டம். எண்ணி முடிய துணி விரியும். இவன் ஒரு மாதிரி எண்ணுவான். என்ன கணக்கு எண்டு எனக்கும் தெரியா. கேளுங்க.”

உறுமல் திடீரெனத் தணிந்தது. காற்று கூவியது. வெள்ளைக்காரனின் குரல் ஏதோ கேட்டது. பிறகு, மிக அருகில், தொண்டை கிழிய, பேரின்பம்:

“லாபம்!”

சீதேவிப்பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

“ரெண்டு! மூண்…”

காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.

களத்தில் நெல் அளக்கிறபோது ஒண்டு என்று சொல்லக்கூடாது. முதல் மரக்காலுக்கு லாபம் என்று சொல்லித்தான் தொடங்கவேண்டும். அதைச் சொல்கிற வேலை சின்ன வயதில் பேரின்பத்துக்கு. நல்ல உரத்த குரல். ஒருமுறை பிளேன் ஒன்று போக, அண்ணாந்து பார்த்தபடி எண்ணிக்கையை விட்டுவிட்டான். “வானம் இடிஞ்சு விழுந்தாலும் பாதியில விடாத மனே, பொலி போயிரும்” என்று இளையதம்பி சொன்னார். தள்ளப்படுகிறவன் அம்மா என்பான், ஐயோ என்பான். லாபம் என்று ஒருவனும் சொல்லமாட்டான். இளையதம்பி எதைப் பொய்யென்று தள்ளினாலும் அதைத் தள்ள அவருக்கு வழியிருக்கவில்லை.

கசெற் ஓடிக்கொண்டேயிருந்தது. “அவன எரிச்சதுக்குப் பிறகு இவங்க எல்லாரும் சேர்ந்து ஏறினாங்க, ஐயா. செத்த ஆளுக்கு இவங்க செய்யிற முறை இதுதானாம். அவன் நிக்கிற இடத்த வெறுமையா விட்டுட்டுக் குதிச்சாங்க. கருத்துத் தெரியாது, ஆனா அவன் எண்ணின மாதிரியே எண்ணினாங்க.”

மறுபடி உறுமல், மறுபடி காற்று. ஒரு பெண் “லாபாம்!” என்றாள். பிறகு ஒரு கிழவன். பிறகு அந்த அழுதவன். லாபாம், லாபாம் என்று ஒவ்வொருவராய் வாசலால் போனார்கள். ஒருவருக்கும் சரியாய் வாய் வரவில்லை. ஒருவரின் இரண்டாவது எண்ணும் கேட்கவில்லை.

கசெற் முடிந்து வெறும் இரைச்சல் வந்தபிறகும் இளையதம்பி மிதித்துக்கொண்டிருந்தார். வியர்வை நாடியிலிருந்து சொட்டியது. இராசாத்தி பயந்து கான்டிலைப் பிடித்தாள். “முடிஞ்சுது அப்பா.”

“நாலு” என்றார் அவர். “அஞ்சு.” இன்னும் என்னவோ எண்ணவிருந்தது.

இறங்கி, சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு, மனைவியைப் பார்க்காமல் சொன்னார். “பாயை விரி. நெல் அளக்கணும். நாளைக்கு அவிச்சாத்தான் முப்பத்தொண்டுக்குக் குத்தி எடுக்கலாம்.”

சீதேவிப்பிள்ளை மூலையில் மூடிவைத்திருந்த சோற்றை எடுத்துக்கொண்டு போய்க் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து பாயை விரித்தாள். இராசாத்தி மரக்காலைக் கொடுத்தாள். அவர் மூட்டையின் வாயை அவிழ்த்து, அள்ளி நிரப்பி, கையால் வழித்தார்.

“லாபம்” என்று பாயில் சாய்த்தார்.

அப்போதுதான் வாவிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. இந்தமுறை ரேப்பிலிருந்து இல்லை. பனைகளின் தலை குலைய ஹெலி தாழப் பதிவாய் வந்தது. இராசாத்தி தாயை இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடினாள். “அப்பா! வாங்கப்பா!”

இளையதம்பி மரக்காலை நிரப்பினார். வழித்தார். “ரெண்டு.”

முற்றத்துத் தூசி எழும்பியது. ஸ்ராண்டில் நின்ற சைக்கிளின் சில்லு அந்தக் காற்றில் தானாகவே சுற்றத் தொடங்கியது. பங்கருக்குள்ளிருந்து சீதேவிப்பிள்ளை கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. வேம்புக்கு நேர்மேலே ஹெலியின் பக்கவாசல் திறந்திருந்தது. துவக்கை மடியில் வைத்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு பெடியன் அதில் இருந்தான்.

அவர் அவனைப் பார்த்தபடியே மரக்காலை நிரப்பிச் சாய்த்தார்.

“மூண்டு.”