இடையில் ஆறு ஆண்டுகள் கழிந்தன

கனகாம்பிகை யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்தபின் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் போர்வை மடித்தார். 1989 கோடையில், பிரெஞ்சுப் புரட்சி நடந்து இருநூறு ஆண்டு என்று தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டினார்கள். அப்போதுதான் தியாகராஜா அவரிடம் ஒரு தொடர் கேட்டார். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தன் வீட்டு முன்னறையிலிருந்து தமிழ் மாதப் பத்திரிகை நடத்தியவர் அவர். அரசன் முதல் சக்கரவர்த்தி வரை, மாதம் இரண்டு பக்கம்.

தொடர் நன்றாகப் போனது. பாண் விலை ஏறிச் சனம் பசியில் கிடந்ததையும், பாரிஸ் பெண்கள் மழையில் நடந்துபோய் அரசனைக் கையோடு கூட்டிவந்ததையும் அவர் வகுப்பில் சொல்வதுபோலவே எழுதினார். அரசனின் தலை விழுந்த மாதம் கடிதங்கள் குவிந்தன. கோயிலில் முன்பின் தெரியாதவர்கள் மறித்து, அடுத்தது என்ன என்று கேட்டார்கள்.

அடுத்தது 1793 செப்டெம்பர். சந்தேகத்துக்குரியவர்களைப் பிடிக்கும் சட்டம். ஒருவனைச் சிறையில் போட அவன் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. யாரோடு பழகினான், என்ன கதைத்தான் என்பது போதும். அது 1990 ஏப்ரல் இதழில் வந்தது. ரொபெஸ்பியரின் தலைமையில் புரட்சிக்காரர்கள் தங்கள் தோழர்களையே துரோகிகள் என்று கொன்ற அடுத்த அத்தியாயத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஏப்ரல் இதழ் வந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தியாகராஜா கனகாம்பிகையின் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"ரீச்சர், இயக்கத்து ஆக்கள் ரெண்டு பேர் வந்து கதைச்சிட்டுப் போனவை. ஆரை நினைச்சு எழுதுறா எண்டு கேக்கினம்."

"ரொபெஸ்பியரை நினைச்சுத்தான். வேற ஆரை?"

"எனக்கு விளங்குது. அவைக்கு விளங்கேல்லை. நேரா நெப்போலியனுக்குப் போனால் என்ன?"

"தியாகராஜா, நடுவில ஆறு வருசம் கிடக்கு. நான் இதைத்தான் ஊரில இருபத்திரண்டு வருசம் படிப்பிச்சனான். அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை."

"அது அப்ப, ரீச்சர்."

ஒரு வரியும் மாற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். தான் சொன்னதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

பத்து நாள் கழித்து, வேலைக்குப் புறப்படும் நேரம் தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து தம்பி சபாரத்தினம். பென்சன் அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஒரு கடையிலிருந்து அழைத்திருந்தார்.

"அக்கா, நீங்கள் அங்க என்ன எழுதுறீங்கள்?"

"ஏன்?"

"இயக்கப் பொடியள் ரெண்டு பேர் எங்கடை வீட்டை வந்தவங்கள். நீங்கள் எழுதினதைப் போட்டோக்கொப்பி எடுத்து வைச்சிருந்தாங்கள். மரியாதையாத்தான் கதைச்சவங்கள். தேத்தண்ணி குடிச்சவங்கள். அக்கா எப்ப ஊருக்கு வருவா எண்டு கேட்டாங்கள். பிறகு, நீங்கள் எங்கையும் போற எண்ணமோ எண்டு என்னைக் கேட்டாங்கள்."

"நீ கொழும்பில நில். திரும்பிப் போகாதை."

"மனிசியும் பிள்ளையளும் அங்க. எப்பிடி நிக்கிறது? நாளைக்குப் போறன்."

அன்று கனகாம்பிகை வேலைக்குப் போகவில்லை. தியாகராஜாவை அழைத்து, அந்த அத்தியாயத்தைத் திருப்பித் தரச் சொன்னார். புதிதாக எழுதியதில் அந்தச் சட்டத்துக்குப் பிறகு நடந்ததற்கு ஒரே ஒரு வாக்கியம்: "இடையில் ஆறு ஆண்டுகள் கழிந்தன." அடுத்த பந்தியில் நெப்போலியன் எகிப்திலிருந்து திரும்பிவந்தான். இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாணவி இப்படி எழுதியிருந்தாலும் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார்.

ஜூனில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதை பூட்டியது, கடிதம் நின்றது. அந்த ஒற்றை வாக்கியம் அச்சான இதழ் அங்கே போய்ச் சேர்ந்ததா, உரியவர்கள் அதைப் பார்த்தார்களா, தம்பியைச் சும்மா விட்டார்களா என்று அறிய ஒரு வழியும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினார். பதில் பணிவாக வந்தது. அதில் செய்தி எதுவும் இல்லை.

ஸ்ட்ரெதமிலிருந்து பெனடிக்ற் என்ற வாசகர் கேட்டிருந்தார்: அந்த ஆறு வருடம் பிரான்சை யார் ஆண்டது, என் பிரதியில் பக்கம் விடுபட்டுவிட்டதா?

"என்னெண்டு பதில் போடுறது?" என்றார் தியாகராஜா.

"அச்சுப்பிழை எண்டு போடுங்கோ."

நவம்பரில் கடைசி அத்தியாயம் வந்தது. நெப்போலியன் மணிமுடியைத் தன் கையாலேயே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். மக்களிடம் வாக்கெடுத்தபோது ஏறக்குறைய எல்லோரும் ஓம், சம்மதம் என்றார்கள். இதழ் வந்த வாரம் தியாகராஜா தொலைபேசியில் அழைத்தார்.

"ரீச்சர், இயக்கத்து ஆக்கள் வந்து கன கொப்பி வாங்கிக்கொண்டு போனவை. கடைசிப் பகுதி திறமாம்."



"தியாகராஜா, சபாரத்தினத்தைப் பற்றி அவையிட்டை ஒருக்கால் கேட்டுப் பாக்க ஏலுமே?"

"நான் எப்பிடி ரீச்சர் கேக்கிறது?"

"ஓம்," என்றார் அவர். "கேக்க ஏலாதுதான்."