மேற்குப் பார்த்த கக்கூசு

கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்து வாடகை அறைகளில் இருக்கும் நாற்பது குடும்பத்துக்கும் சேர்த்து, தோட்டத்துச் சொந்தக்காரர் ஹாஷிம் ஹாஜியார் கட்டித் தந்த நான்கு கக்கூசுகளைப் பற்றி யாரும் என்னிடம் பெருமை பேச வேண்டாம். சீமெந்துச் சுவர், தகரக் கூரை, கொண்டி போட்ட கதவு, எல்லாம் உண்டு. கால் வைக்கிற கல்லை மட்டும் மேற்குப் பார்த்துப் பதித்துவிட்டார்கள். கட்டடப் படம் கீறிய வெள்ளைக்காரத் துரைக்குக் கிப்லா தெரியாது, சரி. இரண்டு தரம் மக்காவுக்குப் போய் வந்த மனிதருக்குமா தெரியாது?

கிப்லா என்று தொழுகிற மேற்குத் திசையை முன்னே வைத்தோ பின்னே வைத்தோ நாங்கள் மலசலத்துக்குக் குந்துவதில்லை. அதனால் கல்லை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலைப் பின்சுவரோரமும் மற்றதைக் கதவடி ஈரத்திலும் அகட்டி ஊன்றினோம். இரண்டு மாதத்தில் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் இடுப்பு வலி. ஹாஜியாரிடம் போய்ச் சொன்னால், "பழகினா சரியாப் போகும்" என்றார்.

பக்கத்து அறை ஜவாஹிறாவுக்கு ஏழு மாதம். ஒரு நாள் அங்கேயே வழுக்கி விழுந்தாள். வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று தெரியும்வரை நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அல்லாஹ் காப்பாற்றினான். மறுநாள் அவள் வாசலில் நிற்க, நான் அலவாங்குக் கம்பியால் ஒரு கக்கூசின் கற்களைக் கிளப்பி வடக்குப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

மத்தியானமே ஹாஜியார் வந்து நின்றார். "யாரு ஒடச்ச?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்," என்றாள் ஜவாஹிறா.

"வெள்ளிக்கெழமைக்கிடையில அறைய உட்டுப் போங்க."

ஏழு மாத வயிற்றோடு எந்தத் தெருவில் போய் நிற்பாள்? அவள் புருஷன் ஸாலிஹ் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன். கெஞ்சிப் பார்த்தான். ஹாஜியார் அசையவில்லை. எனக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே போனேன்.

"கல்ல திருப்பினது நான், ருக்கியா. ஒடைக்காத கக்கூசு மூணு ஈக்கிது. ஒருக்கா குந்திக் காட்டுங்க ஹாஜியார். உடுப்போடதான்."

"இதென்ன பெரிய வேலையா?"

தோட்டமே கூடிவிட்டதால் அவரால் பின்வாங்க முடியவில்லை. சாரத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், மேற்குப் பார்த்த கல்லில் இரண்டு காலையும் வைத்தார். முழங்காலை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. அறுபது வருஷம் பழகிய உடம்பு, அவரைக் கேட்காமலே பக்கவாட்டில் திரும்பியது. எங்களைப் போலவே ஒரு காலைச் சுவரோரமும் ஒரு காலைக் கதவடியிலும் அகட்டிக் குந்தினார்.

எழும்பத்தான் முடியவில்லை. கதவடிக் கால் வழுக்கியது. இரண்டு கையாலும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு கையை வெளியே நீட்டினார். அத்தனை ஆண்கள் நின்றும் ஒருவனும் அசையவில்லை.

"புள்ளத்தாச்சி தெனமும் இப்பிடித்தான் குந்தின, ஹாஜியார்," என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி, அவ இருக்கட்டும். மத்த மூணையும் திருப்புங்க," என்றார் குந்தியபடியே.

அதற்குப் பிறகுதான் ஸாலிஹ் கை கொடுத்தான்.