சிமெண்ட் கிடங்கில் ஒரு விசில்

இன்ஸ்பெக்டர் தேடிக்கொண்டிருந்தது இரண்டு பேரை. மூன்று நாள் முன்பு சிறையிலிருந்து கம்பி நீட்டியவர்கள். அந்த நேரம் வாசலில் காவலுக்கு நின்றது யார் தெரியுமா? இன்ஸ்பெக்டரின் வீட்டுக்காரர்தான். இன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் பிடிபடாவிட்டால் மனுஷனுக்கு வேலை போய்விடும். மூன்று நாளாக வீட்டில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவங்க மூஞ்சி உங்களுக்குத்தானே தெரியும், கிளம்புங்க" என்று அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குவதாகத் துப்பு.

துப்பு என்னவோ உறுதிதான். ஆனால் உள்ளே நூற்றிருபது பேர், அத்தனை பேரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

மேஸ்திரி தங்கமானவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இன்னிக்கு மட்டும் முப்பது புது ஆள் மேடம். எல்லாரையும் மூஞ்சி கழுவச் சொல்லட்டுமா?"

"சொன்ன அடுத்த நிமிஷம் ஓடிடுவாங்க." வாசல் நாலு. அவளிடம் இருந்ததோ இரண்டு கான்ஸ்டபிள்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி.

மேஸ்திரி நாற்காலிக்குப் பின்னால் மூட்டைகளைக் கவனிக்க நகர்ந்ததும் கணவர் தொண்டையைக் கனைத்தார். "ஜெயில்ல தினமும் நான் விசில் அடிச்சுத்தான் தலை எண்ணுவேன். மூணு சின்னது, ஒரு நீளம். கேட்டதும் குந்தி உக்காந்து கையைத் தலையில வெக்கணும். ஆறு வருஷம் உக்காந்தவனுங்க."

"இங்கயுமா உக்காருவாங்க? விளையாடுறீங்களா?"

"அடிச்சுத்தான் பாக்கறேனே."

அடித்தார். எல்லாத் தலையும் திரும்பியது. மூலையில் இரண்டு பேர் மட்டும் மூட்டையைப் பொத்தென்று போட்டுவிட்டுக் குந்தினார்கள். உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. எழுவதற்குள் கான்ஸ்டபிள்கள் அமுக்கிவிட்டார்கள். முதலில் பாய்ந்து பிடித்தவர் முழங்கால் வலிக்காரர்!

இன்ஸ்பெக்டருக்கு அப்பாடா என்றிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கணவர் பழக்கம் விடாமல் விரல் நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு..."

விரல் நின்றுவிட்டது. நாற்காலிக்குப் பின்னால் மேஸ்திரி குந்தியிருந்தார். கை தலையில், கண் தரையில்.

"தண்டனையை முழுசா முடிச்சிட்டுத்தான் வெளிய வந்தேன் சார்" என்றார் மெதுவாக. "பதினாலு வருஷம் ஆச்சு. இங்க யாருக்கும் தெரியாது. காலு தானா மடங்கிடுச்சு."

அதற்குள் நாலைந்து வேலையாட்கள் இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கணவர் சட்டென்று குனிந்து மேஸ்திரியைக் கைகொடுத்துத் தூக்கினார்.

"என்னண்ணே, வழுக்கிடுச்சா? பாத்து நடங்க" என்றார், கிடங்கு முழுக்கக் கேட்கும்படி.

பிறகு மனைவிக்கு முன் வந்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

"மொத்தம் ரெண்டு பேர் மேடம். கணக்கு சரி."