நாகப்பட்டணத்துக்குப் போனவர்கள்

கோட்டைக்குள் போகும்போது ஜெகதாம்பாளுக்கு இருந்த பயமெல்லாம் தன் மேல் மீன் வாசம் அடிக்குமோ என்பதுதான். விடிகாலையில் எழுந்து சீயக்காய் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் குளித்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தனக்கோடியிடம் இரவல் வாங்கிய சேலையைக் கட்டியிருந்தாள். ஆனாலும் பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டாள். பதினேழு வருஷமாகத் தலையில் சுமக்கிற கூடை, ஒரு நாள் சீயக்காய்க்குப் போய்விடுமா என்ன!

அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஒரு அடிபம்புக்காக வந்திருந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு தாண்டி, ஒத்தப்பனைக்குப்பம் என்று நாற்பத்தைந்து குடிசை. குடிக்க ஒரே கிணறு. எழுபத்திரண்டாம் வருஷம் மார்கழிப் புயலில், ஊருக்குப் பின்னால் கடலோர உப்பங்கழியாகக் கிடக்கிற கழிவெளித் தண்ணீர் ஏறி, செத்த ஆடு மாடு, மனுஷக் கழிசல் எல்லாவற்றையும் அந்தக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு வடிந்தது. தை பிறந்ததும் வாந்திபேதி. பன்னிரண்டு நாளில் பதினோரு பேர். ஜெகதாம்பாளின் புருஷன் இருசப்பன் மூன்றாம் நாள் போனான். மூத்தவள் வச்சலா ஐந்தாம் நாள். நடுவுலவள் ஞானம்மாள் அதே ராத்திரி. மிஞ்சியது ஆறு வயசு வேண்டா. மூன்றாவதும் பொட்டையா என்று சலித்துப்போய் இருசப்பன் வைத்த பேர் அது. வேண்டாம் என்ற பிள்ளை ஒன்றுதான் இப்போது அவளுக்கு உலகத்தில் மிச்சம்.

இன்னும் அதே கிணறுதான். இப்போது ஆவணி. ஐப்பசியில் மழை பிடித்தால் கழிவெளி மறுபடி ஏறும். அதற்குள் மேட்டுப் பக்கம் ஒரு அடிபம்பு இறங்கவேண்டும். இறங்காவிட்டால் வேண்டாவும் போய்விடுவாள் என்று ஜெகதாம்பாளின் அடிவயிறு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தில்தான் திருக்கழுக்குன்றம் சந்தையில் எம்.எல்.ஏ. உலகநாதனின் ஜீப்பை மறித்துக் கூடையோடு நின்றாள்.

அவர் எதிர்க்கட்சிக்காரர். கோபக்காரர், ஆனால் நல்ல மனுஷர். வெயிலில் நின்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"பதினோரு பேரா? நெசம்தானே? பாரும்மா, சபையில கேக்கப்போறேன். எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது."

"எல்லையம்மா மேல ஆணையா நெசம் சாமி. ஊரே எங்கூட சாட்சி சொல்லும்."

ஊர் சாட்சி சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு விஷயத்தை அவள் அவரிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. அது வேறே சமாசாரம், முடிந்துபோன சமாசாரம், அதற்கும் கோட்டைக்கும் இன்னா சம்பந்தம் என்று நினைத்துவிட்டாள், பாவி.

பார்வையாளர் மாடத்தில் ஒரு காவலர் அவளை உட்காரவைத்து, "சத்தம் போடக் கூடாது, எழுந்து நிக்கக் கூடாது, கை தட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே மின்விசிறிகள் சுற்றின. வெள்ளை வேட்டிகளாக இருந்தது. யாரோ ஒருவர் யாரையோ கேட்டார், அவர் எழுந்து பதில் சொன்னார், உட்கார்ந்தார். ஒன்றும் விளங்கவில்லை. உலகநாதன் எழுந்தபோது மட்டும் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

அவர் கேள்வியை நம்பர் போட்டுப் படித்தார். புயலுக்குப் பின் ஒத்தப்பனைக்குப்பத்தில் காலராவால் பதினோரு பேர் இறந்தது அரசுக்குத் தெரியுமா? தெரியுமென்றால், அங்கே நல்ல குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் செய்த ஏற்பாடு என்ன? கட்டுமரம் இழந்தவர்களுக்கு நிவாரணம் தரப்பட்டதா?

நம்ம குப்பத்துப் பேர் இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒலிக்கிறதே! ஜெகதாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருசப்பா, கேட்டுக்கினியா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அமைச்சர் எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார்.

"பேரவைத் தலைவர் அவர்களே, முதல் பகுதிக்குப் பதில்: இல்லை. இரண்டாம் பகுதி: கேள்வி எழவில்லை. மூன்றாம் பகுதி: உரியவர்கள் ஊர் திரும்பியதும் வழங்கப்படும்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

"ஊர் திரும்பியதுமா?" உலகநாதன் துள்ளி எழுந்தார். "செத்தவன் எப்படிங்க ஊர் திரும்புவான்? அமைச்சர் அவர்கள் அந்தக் குப்பத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாரா?"

"நான் போகவில்லை. சுகாதார இன்ஸ்பெக்டர் போயிருக்கிறார். குப்பத்து மக்களே எழுதிக் கொடுத்த கடிதம் இதோ இருக்கிறது. நாற்பத்துமூன்று பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்."

அவர் ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார். அத்தனை தூரத்திலிருந்தும் ஜெகதாம்பாளுக்கு அது அடையாளம் தெரிந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. அது அவள் கூடையின் மேல் வைத்து அந்த இன்ஸ்பெக்டர் எழுதிய காகிதம்.

தை மாதம் பதினாலாம் நாள் நடந்தது அது. முதல் சாவு விழுந்த அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டு ஊர்த் தலைவரான நாட்டார் மாயவன் கட்டு போட்டுவிட்டார். பேதி என்ற பேச்சு குப்பத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒத்தப்பனை மீனைச் சந்தையில் ஒருத்தன் தொடமாட்டான். கல்பாக்கம் அணுமின் ஊழியர் காலனியில் கூடைக்காரிகளைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். கட்டுமரம் போச்சு, வலை போச்சு, மீனும் விலை போகவில்லை என்றால் மிச்சம் இருக்கிறவர்களும் பட்டினியில் சாகவேண்டியதுதான். அதனால் சாவுக்கு மேளம் இல்லை, சங்கு இல்லை, ஒப்பாரி இல்லை. பதினோரு பேரையும் சவுக்குத் தோப்பு மணலில் திருட்டுப் பொருள் மாதிரி புதைத்தார்கள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுத ஊர் அது. மூன்று பேரை மண்ணில் வைத்துவிட்டு நாலாம் நாளே கூடை தூக்கிக்கொண்டு, "மீனு, மீனேய்!" என்று காலனித் தெருவில் கூவியவள் ஜெகதாம்பாள். அவளைக் குறை சொல்ல எந்த நாக்குக்குத் தெம்பு இருக்கிறது?

பாலசுப்ரமணியன் என்ற அந்த இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கெஞ்சினார் என்றுதான் சொல்லவேண்டும்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. ஒரே ஒரு கேஸ்னு சொன்னாக்கூடப் போதும். ஊசி போட ஆளைக் கூட்டியாறேன், பம்பு போட எழுதறேன். இங்க ஆம்பளைங்க சில பேரைக் காணோமே, எங்க போனாங்க?"

எல்லாரும் மாயவனைப் பார்த்தார்கள். மாயவன் ஜெகதாம்பாளைப் பார்த்தார். அவள் வாய் கூசாமல் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரு நாகப்பட்டணத்துக்குத் தொழிலுக்குப் போய்க்கீறாரு. பொண்ணுங்க அத்த வூட்ல கீதுங்க. எங்க ஊர்ல அப்டி ஒரு நோவும் இல்ல சார்."

அவள் சொன்னதும் மற்றவர்களுக்கும் வழி கிடைத்துவிட்டது. எல்லாச் செத்தவர்களும் நாகப்பட்டணத்துக்குப் போனார்கள். எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் மை டப்பாவை நீட்டினார். முதலில் கட்டைவிரலை அழுத்தியவள் அவள்தான்.

"கைநாட்டுகளில் முதல் பெயரை மட்டும் படிக்கிறேன்," என்றார் அமைச்சர். "இருசப்பன் மனைவி ஜெகதாம்பாள். தன் கணவர் பிழைப்புக்காக நாகப்பட்டினம் சென்றிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மீனவ மக்கள் பருவத்துக்குப் பருவம் கரை மாறிப் போவது வழக்கம்தான். மாண்புமிகு உறுப்பினர் அந்த இருசப்பனைக் கொன்றுவிட்டார். நல்லவேளை, மனைவி காப்பாற்றி வைத்திருக்கிறார்!"

சபை சிரித்தது. மேசைகளைத் தட்டினார்கள். உலகநாதன் சிரிக்கவில்லை, தலையைத் தூக்கி நேராக மாடத்தைப் பார்த்தார்.

எழுந்து கத்தியிருக்கலாம். எம் புருஷன் மண்ணுக்குள்ள கீறான்யா, எம் பொண்ணுங்களத் தோண்டிக் காட்றேன் வாய்யா என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். இழுத்து வெளியே போட்டிருப்பார்கள், போடட்டுமே! ஆனால் எட்டு மாசமாக வாயை அடைத்தே பழகிவிட்டவள் அவள். கை தானாக முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டது. காவலர் திரும்பிப் பார்த்தார். சத்தம் எதுவும் வராததால் பேசாமல் இருந்துவிட்டார்.

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஏதோ ஊர்ப் பாலத்தைப் பற்றியது.

வெளியே வேப்பமரத்தடியில் உலகநாதன் அவளைத் தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அது உன் கைநாட்டா?"

"ஆமாய்யா."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அது சந்தைக்கோசரம் வெச்சதுய்யா. மீன் விக்கணுமேன்னு வெச்சது. இங்க வரைக்கும் வரும்னு எனக்கு இன்னாய்யா தெரியும்?" அவள் கையைப் பிசைந்தாள். "இப்ப வேணா சொல்றேன். பொய் சொன்னேன்னு எழுதிக்கோங்க. ஜெயில்ல போடட்டும். பம்ப மட்டும் போட்டுடச் சொல்லுங்க."

"நீ ஒருத்தி சொன்னா ஆகாதும்மா. நாப்பத்திமூணு பேரும் மாத்தி எழுதித் தரணும். தருவாங்களா?"

காலனி கேட்டும் மாயவனும் அவள் கண்முன்னே வந்தார்கள்.

"தந்தாலும், இந்தக் கூட்டத்துல இதே கேள்விய மறுபடி கேக்க முடியாது. பதில் ஆயிடுச்சு. இனிமே தை மாசம்தான்."

"மழ ஐப்பசியில வருதேய்யா," என்றாள் ஜெகதாம்பாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆபீசுக்கெல்லாம் எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதினாலும் இதே காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள் என்பது அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அவளுக்குப் பொய் இப்போது சுலபமாக வந்தது.

பஸ் கேளம்பாக்கம் தாண்டும்போது இடப்பக்கம் உப்பளம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வழியெல்லாம் அவள் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மை போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அந்த விரலை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது.

பொழுது சாயக் குப்பத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் முன்னால் தனக்கோடி. அவள் புருஷன் முத்துசாமியும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தன். மாயவன் கொஞ்சம் தள்ளி, வலை உலர்த்தும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா சொன்னாங்க? பம்பு வருதா?"

"உன் புருஷன் நல்லா கீறானாம்டி," என்றாள் ஜெகதாம்பாள். "என் புருஷனும் நல்லா கீறானாம். மந்திரி எழுந்து நின்னு சொல்லிட்டாரு. நாம வெச்ச கைநாட்டக் காட்டிச் சொன்னாரு. சாவே விழாத ஊருக்கு இன்னாத்துக்குப் பம்புன்னுட்டாங்க. அவங்கல்லாம் திரும்பி வந்தா மரம் வாங்கத் துட்டு தருவாங்களாம்."

தனக்கோடி மணலில் தொப்பென்று உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். குப்பத்தில் எட்டு மாசத்தில் முதல் முதலாக வாய்விட்டுக் கேட்ட அழுகை அது. கேட்டதும் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி.

மாயவன் பதறி ஓடிவந்தார். "ஏய், இன்னா இது! ரோட்ல ஆள் போவுது, காதுல வுழும். நாளைக்குச் சந்தை கீது, வாய மூடுங்க!" என்றார். பாதியில் அவர் குரலும் உடைந்துவிட்டது. அந்தத் தோப்பில் அவர் மகன் ஒருத்தனும் கிடந்தான். அவன் நாகப்பட்டணத்துக்குப் போனதாகச் சொன்னவரும் அவர்தான்.

அழுகைச் சத்தம் கேட்டு வேண்டா குடிசையிலிருந்து வந்தாள். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் மணலில் கிடந்து அழுவதை அவள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, வெளியாள் கேட்டால் சொல்லச் சொல்லி ஆத்தா அடித்து அடித்துப் பழக்கிய பாடத்தை, தனக்கோடியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அயாத சின்னம்மா. நைனாவும் சித்தப்பாவும் நாகப்பட்டணத்துக்குத் தொழிலுக்குப் போய்க்கீறாங்க. அக்காங்க அத்த வூட்ல கீறாங்க. எல்லாம் வந்துடுவாங்க."

பிறகு ஆத்தாவிடம் வந்து, அவளுக்கென்று கிணற்றில் இறைத்து வைத்திருந்த சொம்புத் தண்ணீரை நீட்டினாள். சொம்பில் பாதிதான் இருந்தது. மீதியை வேண்டா குடித்திருந்தாள்.