பெரியப்பா வந்து சேரும் வரை

பல்கலைக்கழக மனநல ஆலோசனை அறையை ஆலோசகர் புருல் காலையில் திறந்தபோதே தொலைபேசி ஒலித்தது. நாரின் மலையூரிலிருந்து பேசியவர், மாணவன் எர்மெக்கின் பெரியப்பா ஜுமாதில். எர்மெக்கின் தந்தை விடியலில் இறந்துவிட்டார். மறுநாள் நண்பகலில் அடக்கம். இத்தகைய செய்தியைப் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. குடும்பத்து மூத்தவர் நேரில் வந்து, அமர்ந்தே சொல்லவேண்டும். தாம் காரில் புறப்படுவதாகவும், அதுவரை அவனிடம் எதையும் சொல்லாமல் அருகிலேயே வைத்துக்கொள்ளும்படியும் அவர் வேண்டினார். இலையுதிர் காலத்தில் மணிக்கட்டை அறுத்துக்கொண்ட பிள்ளை அவன். புருல் ஒப்புக்கொண்டாள்.

சற்று நேரத்தில் எர்மெக் வந்தான். தேநீரை ஒரு மிடறு பருகினான்.

"அக்கா, உங்க டீயக் குடிச்சா நம்ம கவலையே பரவால்லன்னு தோணுது."

அவள் சிரித்தாள். தன்னால் சிரிக்க முடிந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பின்னர் அவன், கடந்த விடுமுறையில் தந்தையோடு சண்டையிட்டு வந்ததைச் சொன்னான். இன்று தந்தை தொலைபேசியை எடுக்கவில்லை. தாயோ எல்லோரும் நலம் என்று கூறி உடனே வைத்துவிட்டாள். பகல் வண்டியில் ஊருக்குப் போகலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்லேருந்து யாராவது உங்ககிட்ட பேசினாங்களா? நீங்க சொன்னா நம்புவேன்."

"இல்லப்பா, யாரும் பேசல."

அவன் முகம் தெளிந்தது. அவன் பயணத்தைக் கைவிட்டான். அவள் சொன்னபடி அங்கேயே அமர்ந்து தேர்வுக்குப் படித்தான். பிற்பகலில், நாரினுக்குப் போகும் வழியிலுள்ள தோலோன் கணவாயில் பனி கொட்டத் தொடங்கியது. ஜுமாதிலின் கார் கடந்த சிறிது நேரத்தில் பாதையை மூடிவிட்டார்கள்.

அந்தி சாய்ந்தபின் வந்த ஜுமாதில், தொப்பியைக் கழற்றாமலே அவனெதிரே அமர்ந்தார்.

"எல்லாரும் போற வழியிலதான் உங்கப்பாவும் போயிட்டாரு. இடுப்ப இறுக்கிக் கட்டிக்கோ, மனசத் தளர விட்டுடாத, மகனே."

எர்மெக் அழவில்லை. பாதை எப்போது திறக்கும் என்று கேட்டான். இரண்டு நாளாகும் என்றார் அவர். அடக்கம் வரை, உடலைக் கிடத்தியிருக்கும் கூடாரத்தின் வெளியே கோலூன்றி நின்று, வருவோர் கேட்க ஓலமிட்டு அழவேண்டியவன் மகன். அவன் ஒருவனே மகன்.

"அங்க யாரு நிப்பா?"

"உன் சித்தப்பா பையன் நிப்பான்."

எர்மெக் புருலின் பக்கம் திரும்பினான்.

"இவரு உங்களுக்கு எப்ப ஃபோன் பண்ணாரு?"

"காலைல."

"அப்ப வழி தொறந்திருந்துச்சு."

அவன் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஏதேனும் பிடிமானம் கிடைத்திருக்கும். ஜுமாதில் மார்பில் கைவைத்து, பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதற்காக அவளுக்கு நன்றி கூறினார். அந்த நன்றியை மறுக்கும் வழி அவளுக்குத் தெரியவில்லை. இரவில் எந்நேரமானாலும் தன்னை அழைக்கும்படி எர்மெக்கிடம் கெஞ்சினாள்.

அவன் மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான்.

"சரிங்க மேடம்" என்றான்.